தண்ணீர் ஓடிய பக்கம்

பண்ணைக்காட்டுக்கு மேலே ஒரு வளைவில், நியூட்ரலில் விட்ட ஜீப் எப்படித் தானாக மேடேறுகிறது? பிளஸ் டூ முடித்த அந்த ஏப்ரலில் எனக்குப் பதில் தெரியவில்லை.

என் அப்பா சம்சுல் ஆலம், எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தா, பதினோரு வருடமாக அந்த வேடிக்கையைச் சுற்றுலா வருபவர்களுக்குக் காட்டிவந்த ஜீப் டிரைவர். "மலைக்குள்ள காந்தம் கெடக்குதுங்க, அது இரும்ப இழுக்குது" என்பார். பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். ஜீப் முன்னால் ஊரும். பிள்ளைகள் கத்துவார்கள்.

அந்த மாதம் ஒரு நாள் நானும் அத்தாவும் மட்டும் போனோம். அதே வளைவில் ரேடியேட்டர் கொதித்தது. ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் காந்தத்தை மறந்து, மேட்டில் நிறுத்தும்போது செய்யும் கைப் பழக்கத்தில், பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தார். சற்று ஆறியதும் முன்னால் நின்று தண்ணீர் ஊற்றினார். சிந்திய தண்ணீர் அவர் கால்களைத் தாண்டி மேட்டை நோக்கி ஓடியது.

"அத்தா, தண்ணி மேல ஏறுது!"

"ஏலே நிஹால், தண்ணிக்குள்ள என்னலே, இரும்பா கெடக்கு?" என்று சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. எங்கள் கண்ணுக்கு மேடாகத் தெரிந்த அந்த ரோடு இறக்கம் என்பது இருவருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. அதற்குள் ஹேண்ட் பிரேக் நழுவி ஜீப் முன்னால் நகர்ந்துவிட்டது. அவருக்குப் பின்னால் தடுப்புச் சுவர்.

அத்தா பிழைத்தார். வலது கால் போய்விட்டது. அந்த வளைவில் இன்னும் வண்டிகள் நிற்கின்றன, காந்தக் கதையும் நடக்கிறது.

அந்தப் பக்கம் போகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இறங்கியதும் ரோட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றட்டும். அது ஓடும் பக்கம் கல்லை வைக்கட்டும்.