பத்துமலை காரைத் தாழ்த்தினார்

கைப்பிரேக்கை இழுத்து, கியரை நிறுத்தத்தில் போட்டு, இறங்கிய பிறகும் பத்துமலை பின் சக்கரத்துக்கு ஒரு கல் வைக்கிறார். எங்கள் தாமான் குடியிருப்பில் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. பழைய ரப்பர் தோட்டத்தை இயந்திரம் விட்டு வழித்தெடுத்துக் கட்டிய வீடுகள். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் அது வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். "எதுக்கு தம்பி கல்லு?" என்று கேட்டால், "பூமி சும்மாவே இருக்கும்னு யாரு அண்ணே எழுதிக் கொடுத்தா?" என்பார். அதோடு விடமாட்டார். கல்லைக் காலால் தட்டிப் பார்ப்பார். வீட்டுப் படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவந்து இன்னொரு தடவை தட்டுவார்.

ஈப்போவுக்குப் பக்கத்துச் செம்மோரில் எனக்கு எதிர் வீட்டுக்காரர். நாற்பதைத் தொட்ட, ஒல்லியான, எப்போதும் மழையை எதிர்பார்க்கிற முகம். தூரத்தில் இடி இடித்தால் தொலைக்காட்சியின் கம்பியைப் பிடுங்கிவிடுவார். முள்ளு முள்ளாய் டுரியான் பழங்கள் விழுகிற காலத்தில் மரத்தடியில் நடக்க நேர்ந்தால் தலையில் ஹெல்மட். கல்யாண வீட்டில் வெளியே போகிற கதவுக்குப் பக்கத்து மேசைதான் அவருடையது. ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். அவர் கை பட்ட இயந்திரம் படுத்ததாகச் சரித்திரம் இல்லை என்று மேலதிகாரிகளுக்கு அவர்மேல் பிரியம். எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்க்காமல் வீட்டுக்கு அனுப்பமாட்டார் என்று கூட வேலை செய்பவர்களுக்கு எரிச்சல்.

இப்படிப்பட்டவர் காரைத் தாழ்த்தப் போகிறார் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேராக் மாநிலத்தில் காரைத் தாழ்த்துகிறவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வேகத்தடையில் அடிவயிறு உரச, புகைக்குழாய் அலற, தெருவையே எழுப்பிக்கொண்டு போகிறவர்கள். "என்ன தம்பி, ரேஸ் ஓட்டப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அப்படிலாம் இல்ல லா அண்ணே" என்றார். "ஒசரமா இருந்தா காத்துக்கு ஆடுது. ஆடுனா கவுந்துரும். தரையோட ஒட்டி இருந்தா பிடிமானம் இருக்கும்ல?"

காரணம் அவருடைய மனைவி. தினேஸ்வரிக்குத் தைப்பிங்கில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. விடிவதற்கு முன்பே அந்தச் சின்ன மைவி காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறிவிடுவார். மெனோரா சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம் ஏற்றம், அந்தப் பக்கம் இறக்கம், இரண்டிலும் லோரிகள். ஒருநாள் சாப்பிடும்போது, "இன்னிக்கு ஒரு கொண்டைனர் லோரி தாண்டிப் போச்சு, கார் ஒரு ஆட்டு ஆடுச்சு பாருங்க" என்று சும்மா சொல்லிவைத்தார். சொன்னவர் சோற்றைப் பிசைந்துகொண்டே மறந்துவிட்டார். கேட்டவருக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

அவரே படித்துப் பார்த்து, அவரே முடிவுசெய்து, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள அப்சோபர் செட் ஒன்றை, சக்கரத்தின் அதிர்வைத் தாங்குகிற குழாயும் ஸ்பிரிங்கும் சேர்ந்ததை, வாங்கிவந்தார். அந்தக் குழாயின் உடம்பெல்லாம் மரை. அதில் ஒரு வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் இறங்கும், காரும் இறங்கும். பட்டறையில் கொடுக்க மனம் வரவில்லை. "அவன் ஒரு கையில போன் பேசிக்கிட்டே இன்னொரு கையில நட்டு முறுக்குவான் அண்ணே. என் பொண்டாட்டி போற வண்டி" என்றார். எவ்வளவு தாழ்த்தப் போகிறார் என்று கேட்டேன். இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். இதற்கா இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

தினேஸ்வரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முன்பு கணவர் மோட்டார் சைக்கிளில் ஒரு போல்ட்டை இறுக்கி, சந்தேகப்பட்டு மறுபடி இறுக்கி, கோப்பி குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை இறுக்கியதில் மரையே வழுக்கிப் போயிருந்தது. "இறுக்கின நட்டுக்கு ஒரு பொட்டு வைங்க. பொட்டு வச்சாச்சுன்னா அப்புறம் தொடக்கூடாது. சாமி மேல சத்தியம் பண்ணுங்க." பட்டறைக்காரர்கள் இறுக்கிய நட்டில் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார்கள். பத்துமலை சாமியறையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்தார். சத்தியமும் பண்ணினார்.

ஆயுத பூசை வந்த வார இறுதியில் வேலை தொடங்கியது. முன்பக்கம் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி, மேல்மூடியை எடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும். இரண்டு கொக்கிகளால் ஸ்பிரிங்கை நசுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மூடியைக் கழற்ற முடியும். கொக்கி நழுவினால் மூடி பறந்துவந்து முகத்தை எடுத்துவிடும். பத்துமலை வீட்டிலிருந்து ஒரு பழைய மெத்தையை இழுத்துவந்து ஸ்பிரிங்குக்கும் தனக்கும் நடுவில் நிறுத்தினார். மெத்தைக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் மட்டும் வெளியே நீண்டு ஸ்பானரைத் திருகின. "அண்ணே, கிட்ட வராதீங்க! கேட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க!" நான் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றேன். கேலி செய்யத்தான் போயிருந்தேன். ஆனால் அந்தக் கம்பிச்சுருள் நசுங்கி நசுங்கி முனகிய சத்தத்தைக் கேட்டதும் நானும் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். மூடி கழன்றது. ஒன்றும் பறக்கவில்லை. அவர் மெத்தையிலேயே சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

முன்பக்கம் முடிந்தது. இறுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் சுண்டுவிரலால் சின்னதாக ஒரு பொட்டு. பொட்டு வைத்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். மறுபடி ஸ்பானரை எடுத்துவிடக் கூடாது என்று அவருக்கே அவர்மேல் பயம்.

மறுநாள் பின்பக்கம். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அப்சோபரின் அடி போல்ட்டை, கார் தரையில் நின்று தன் பாரத்தை இறக்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். தூக்கி நிறுத்தியபடி இறுக்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். ஆகவே இடமும் வலமும் அந்த இரண்டு நட்டுகளை மட்டும் விரலால் சுற்றிவிட்டு, பொட்டு வைக்காமல் விட்டார். "பொட்டு இல்லாதது ரெண்டும் கடைசியா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது. பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா கூப்பிடவும் குளிக்கப் போனார்.

அவருடைய அம்மா இருளாயி ஆயுத பூசையை அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அரிவாள்மணை, தையல் மெஷின், மகனின் ஸ்பானர்கள், ஜாக், எதையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார். சக்கரம் கழன்று நின்ற காரைக் குனிந்து பார்த்தார். எல்லா நட்டுக்கும் பொட்டு இருந்தது. இரண்டுக்கு மட்டும் இல்லை.

பத்துமலை குளித்து வேட்டி கட்டி வந்தபோது மழை கட்டிக்கொண்டு நின்றது. அவசரமாகச் சக்கரங்களை மாட்டினார். காரைத் தரையில் இறக்கினார். டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார். இரண்டு நட்டிலும் பொட்டு. குளிக்கப் போகிற அவசரத்தில், கார் தரையில் இறங்கும் முன்பே இறுக்கிவிட்டோமா? நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றார். தினேஸ்வரி வாசற்படியிலிருந்து, "பொட்டு இருக்கா? இருந்தா தொடாதீங்க. சத்தியம் பண்ணிருக்கீங்க" என்றார். பத்துமலை டார்ச்சை அணைத்தார். நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, காரை நகர்த்தி நசுக்கி, கற்பூரம் காட்டினார்கள். "அண்ணே, வாழ்க்கையில மொத தடவையா ரெண்டாவது தடவை பார்க்கல" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் தினேஸ்வரி கிளம்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் கைலியோடு வாசலுக்கு வந்தேன். இருளாயி நசுங்கிய எலுமிச்சம்பழங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். பத்துமலை தொழிற்சாலைச் சீருடையில், மோட்டார் சைக்கிளைக் கிளப்ப நின்றிருந்தார்.

"கேட்டீங்களா தம்பி" என்று இருளாயி என்னிடம் ஆரம்பித்தார். "எல்லா நட்டுக்கும் பொட்டு வச்சவன், பின்னாடி ரெண்டுக்கு மட்டும் வைக்காம விட்டுட்டான். சாமி காரியத்துல ஓரவஞ்சனை பண்ணலாமா? நான்தான் பாத்து வச்சுவுட்டேன்."

பத்துமலையின் முகம் வெளிறியதை நான் கண்ணால் பார்த்தேன். "அம்மா" என்றார். கைப்பேசியை எடுத்து மனைவிக்கு அடித்தார். மறுபடி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது, சத்தத்தை அணைத்துப் பின் சீட்டுப் பையில் போட்டுவிட வேண்டும் என்று தினேஸ்வரியைப் பழக்கிவைத்ததே இவர்தான். போனை நாற்காலியில் வீசிவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு என் கேட்டுக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, வண்டிய எடுங்க. அது இறுக்கல அண்ணே. வெரலாலதான் சுத்தி வச்சிருந்தேன்."

கட்டிய கைலியோடு கிளம்பினேன். என் கைப்பேசியும் வீட்டிலேயே கிடந்தது. வழக்கமாக என் காரில் ஏறினால் "மெதுவா அண்ணே, மெதுவா" என்று கால் தரையை அழுத்துகிற மனிதர், நெடுஞ்சாலை ஏறியதிலிருந்து, "முடுக்குங்க அண்ணே, முடுக்குங்க" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த நட்டு கழன்றால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "போல்ட்டு உருவிக்கிட்டு வந்துரும். அப்சோபர் தொங்கும். டயர்ல இடிச்சா... அந்த எறக்கத்துல இடிச்சா..." ஸ்பானரை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். நான் இன்னும் வேகமாக மிதித்தேன்.

மலை ஏறும் இடத்தில் முன்னால் போன வண்டிகளெல்லாம் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகின. பிறகு நின்றன. வளைவுக்கு அப்பால் என்னவென்று தெரியவில்லை. பனியில் சிவப்பு விளக்குகள் மட்டும் விட்டுவிட்டு எரிந்தன. "அவதான்" என்றார் பத்துமலை. கதவைத் திறந்து இறங்கி, நிற்கிற வண்டிகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்துவிட்டார். பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையில் கால் வைக்காதவர். நான் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு வாயில் வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டிகள் நகரத் தொடங்கி நான் வளைவைத் தாண்டியபோது, டயர் வெடித்து ஓரத்தில் சாய்ந்து நின்ற ஒரு லோரிக்குப் பக்கத்தில் அவர் மூச்சிரைக்க நின்றிருந்தார். ஏற்றிக்கொண்டேன். சுரங்கப்பாதையைத் தாண்டினோம். இறக்கம் முழுக்க அவர் சாலையோரப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இறக்கம் முடிந்து, அடுத்து வந்த ஓய்விடத்தில், வண்டிகள் நிறுத்துகிற வரிசையின் கோடியில் அந்த மைவி நின்றது. பக்கத்தில் தினேஸ்வரி அலுவலக உடையில், கையில் கைப்பேசியோடு நின்றுகொண்டிருந்தார்.

"எத்தன தடவை போன் பண்றது? யாருமே எடுக்கல!" என்றார் எங்களைப் பார்த்ததும். "எறக்கத்துல பின்னாடி டொக்கு டொக்குனு சத்தம். சத்தம் வந்தா ஓட்டாதே, நிறுத்திருன்னு நீங்கதானே சொல்லி வச்சிருக்கீங்க. அதான் உருட்டிக்கிட்டே வந்து..." பாதியிலேயே கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னங்க? என்ன ஆச்சு?"

பத்துமலை மனைவியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஈரத் தார்த்தரையில் மல்லாந்து படுத்து, பின் சக்கரத்துக்குப் பக்கமாகக் காருக்கடியில் நுழைந்தார். தாழ்த்திய கார் என்பதால் தலையும் தோளும் சிரமப்பட்டுத்தான் போயின. நான் குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கத்து நட்டு, போல்ட்டின் கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் நகத்தால் தள்ளினால் விழுந்துவிடும். நான் அதைத் தினேஸ்வரியிடம் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். பக்கத்துக் காரின் பானட்டில் கையை ஊன்றிக்கொண்டார்.

ஸ்பானர் சத்தம் கேட்டது. இறுக்கினார். புரண்டு அந்தப் பக்கம் போய் அதையும் இறுக்கினார். திரும்பி இந்தப் பக்கமே வந்தார். பிறகு சத்தம் நின்றுவிட்டது. ஆனால் அவர் வெளியே வரவில்லை. தொழிற்சாலைச் சப்பாத்து போட்ட இரண்டு கால்களும் அசையாமல் கிடந்தன. ஓய்விடத்துக்கு வந்த ஒன்றிரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

தினேஸ்வரி காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "போதுங்க. இறுக்கியாச்சுல்ல? எந்திரிச்சு வாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல."

எண்ணெயும் மண்ணும் அப்பிய ஒரு கை மட்டும் காருக்கடியிலிருந்து வெளியே வந்தது. தரையைத் தடவிக்கொண்டே வந்து, தினேஸ்வரியின் கணுக்காலைத் தேடிக் கண்டுபிடித்து, இறுகப் பற்றிக்கொண்டது.