மங்கம்மாவின் கைநாட்டு

போன வாரம் பேரனுக்குத் திருத்தணியில் முடி இறக்கினோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் எனக்கு மங்கம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. மனசு சரியில்லை. உங்களிடம் சொன்னால் தேவலை.

எழுபதுகளில் நான் அந்த ஊரில் பென்ஷன் கொடுக்கும் ஆபீசில் குமாஸ்தா. பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, உயிரோடு இருப்பதாகவும் வேறு வேலை பார்க்கவில்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு வேலை என்றால் சர்க்கார் வேலைதான். நான் அதை யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. தாளில் இருப்பதைக் கணீரென்று வாசிப்பேன். என் குரல்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

மங்கம்மா ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கூரை ஒழுகும் ஒற்றை அறை, புருஷன் இல்லாத மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். பென்ஷன் பாதி மாசம் தாங்கும். மீதி நாளுக்கு மலைப் படியில் கூடை வைத்து, மொட்டை போட்டவர்களுக்குச் சந்தனம் பூசிவிடுவாள். எனக்கு அது தெரியாது.

ஓர் ஆடிக் கிருத்திகைக்கு நானும் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கினேன். ஆந்திராக்காரர்கள் கூட்டம் நெரிந்தது. யாரோ ஒருத்தி என் தலையில் சந்தனம் அப்ப, நிமிர்ந்தால் மங்கம்மா!

"என்னாம்மா, வேற வேல இல்லன்னு கைநாட்டு வெச்சுட்டு இங்க வியாபாரம் நடக்குதா?" என்றேன். தமாஷ்தான்.

அவள் கை என் தலையிலேயே நின்றுவிட்டது. "ஆபீஸ்ல சொல்லிடாதீங்க சார். கொழந்தைங்க இருக்குது" என்றாள். காசையும் வாங்கவில்லை. சும்மா சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷன் மாதிரி சிரித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் அவள் வரவில்லை. பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதினேன், பென்ஷன் நின்றது. ஏன் வரவில்லை என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. ஆனாலும் படியேறிப் போய்ப் பார்க்க மூன்று மாசம் ஆயிற்று. சோம்பல், கொஞ்சம் கௌரவமும்.

அதே படியில்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் கூடையை முந்தானையால் மூடினாள். இளைத்துப் போயிருந்தாள்.

"ஆபீசுக்கு வாங்கம்மா. இதெல்லாம் தப்பே கெடையாது. அன்னிக்கு வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"சும்மா குந்திகினு இருக்கேன் சார். நான் மங்கம்மா தங்கச்சி. அவ செத்துட்டா."

எவ்வளவோ சொன்னேன். கூட்டிப்போய்ப் பிடித்துக் கொடுக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். மறுவாரம் போனபோது அவள் அங்கே இல்லை. குடியிருந்த அறையும் பூட்டிக் கிடந்தது.

நேரில் பார்த்தேன், உயிரோடு இருக்கிறாள் என்று அன்றைக்கே அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். படியில் நான் என்ன பேசினேன் என்று கேட்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆபீஸ் இருந்த ஓட்டுக் கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். பழைய பதிவேடுகளும் போயிருக்கும். அவள் பெயருக்கு எதிரே நான் எழுதியதை அடித்துத் திருத்தக்கூட இனி வழியில்லை.