டீச்சர் காட்டிய பழைய வானிலை

காசிமேட்டுக்கு வெறுங்கையோடு வந்து சொந்தமாக விசைப்படகு வாங்கியவன் நான். அறுபது வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கற்றேன். என் வயதுக்காரன் எவனும் செய்யாதது. எங்கள் முதியோர் வகுப்பில் டீச்சர் இணையதளப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் காட்டி வாசிக்கச் சொல்வார்.

அன்று வானிலைப் பக்கம். ‘கடல் அமைதியாக இருக்கும்’ என்று நான்தான் தடங்கலில்லாமல் படித்தேன். வகுப்பு முடிந்ததும் நேராகத் துறைமுகம் போனேன். என் படகை ஓட்டும் மச்சான், என் மனைவியின் தம்பி, தயங்கினான்.

“காத்து சரியில்ல மாமா.”

“கம்ப்யூட்டரே சொல்லுது, உனுக்கு இன்னா? கெளம்புடா!”

அவர்கள் கடலுக்குப் போன கொஞ்ச நேரத்தில் சூறைக்காற்று வீசிப் படகு கவிழ்ந்தது. வேறு படகுக்காரர்கள்தான் மச்சானையும் ஆட்களையும் உயிரோடு தூக்கி வந்தார்கள்.

மறுநாள் டீச்சர் மேல் பாய்ந்தேன். “என் ஆளுங்கள சாவடிக்கப் பாத்தியா?”

“இன்டர்நெட் லைன் கிடைக்காதுன்னு போன வாரமே சேமிச்சு வெச்ச பக்கம் ஐயா. வாசிச்சுப் பழகத்தான்.”

“அத மொதல்லியே சொல்ல வாய் வலிச்சுதா?”

இப்போதெல்லாம் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும், இது என்றைக்கு வந்தது என்று கேட்காமல் நான் ஒரு எழுத்தும் வாசிப்பதில்லை. டீச்சர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும். தம்பியைக் காணாமல் என் மனைவி கரையில் அலறிய அலறலை அவர் கேட்டாரா?