காத்துல விடு

வண்டி இறக்கத்தில் போகும்போது என்ஜின் சத்தம் நின்றுவிட்டால் இன்றைக்கும் என் கை தானாகக் கம்பியைத் தேடும். வயசாகிவிட்டது, ஆனாலும் இந்தப் பயம் மட்டும் போகவில்லை.

அறுபதுகளில் தென்காசிக்கும் ஐந்தருவிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஜனங்கள் அரிசிக்கு ஆலாய்ப் பறந்த காலம். டீசல் விலையும் ஏறியது. விலை ஏறினால் முதலாளிமார் கண்ணில் முதலில் படுவது எங்கள் வயிறுதான். பேட்டாவைக் குறைத்தார்கள். கிளீனரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவும் போதாமல் ஒரு நாள் காலையில் மேனேஜர் எல்லாரையும் ஷெட்டில் நிறுத்திவைத்து, "இனிமே இறக்கத்துல காத்துல விடுங்க, தெரியுதா?" என்றார்.

காத்துல விடு என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். என்ஜினை அணைத்து, கியரை எடுத்துவிட்டு, வண்டியைத் தன் போக்கில் உருள விடுவது. டீசல் மிச்சம். ஆனால் அந்த வண்டிகளில் என்ஜின் ஓடினால்தான் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும். அணைத்தால் ரெண்டு மிதிக்கு மேல் தாங்காது. மேனேஜருக்கும் இது தெரியும். அதனால்தானே தாளில் எழுதாமல் வாயால் சொன்னார், படுபாவி!

என் டிரைவர் அண்ணாச்சி இருபது வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். "உசுரோட வெளையாடச் சொல்லுதான், மூதி" என்று முனகிக்கொண்டே அணைப்பார். நான் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு ரோட்டையே பார்ப்பேன். பயணிகளோ வண்டி சத்தமில்லாமல் போகிறதென்று சந்தோஷப்பட்டார்கள்.

ஆடி மாசம், நல்ல சாரல். ஐந்தருவியிலிருந்து என்ஜினை அணைத்து இறங்கும்போது எதிரே ஒரு குதிரை வண்டி வந்தது. அண்ணாச்சி மிதித்தார், பிடித்தது. மறுபடி மிதித்தார், பாதிதான் பிடித்தது. மூன்றாவது மிதிக்கு ஒன்றுமே இல்லை.

"ஏலே, எல்லாரையும் பிடிச்சுக்கிடச் சொல்லு!" என்று கத்தினார். நான் யாருக்கும் சொல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பஸ் குதிரை வண்டிக்கு விலகி, ஓரத்தில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த அம்மாளின் கடையில் ஏறி, கல் சுவரில் மோதி நின்றது. யாரும் சாகவில்லை. அந்த அம்மாளுக்கு ஒரு கால் போயிற்று.

மூன்றாம் நாள் கம்பெனி ஆபீசிலேயே விசாரணை. அண்ணாச்சியின் லைசென்ஸைப் பறிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி வந்திருந்தார். வாசலில் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னா நம்ப மாட்டாவ. நீயும் கேட்டேல்லா? உள்ளதச் சொல்லு, அது போதும்."

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன்.

உள்ளே அண்ணாச்சி நடந்ததைச் சொன்னதும் மேனேஜர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "காத்துல விடுங்கன்னு சொன்னது வாஸ்தவம்தான் சார். ஜன்னல் படுதாவத் தூக்கி விடுங்க, காத்து வரட்டும்னு அர்த்தம். அருவிக்கு வார சீசன் ஆளுக கேக்காங்கல்லா?"

சாரல் அடிக்கும்போது எவனாவது படுதாவைத் தூக்குவானா? அதிகாரி அதைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அப்படித்தானா?" என்றார்.

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாசம். ஊரில் வேறு வேலையும் கிடையாது.

"ஆமா சார், படுதாதான்" என்றேன்.

அண்ணாச்சியின் லைசென்ஸ் போயிற்று. பலாச்சுளை அம்மாளை ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்க்கக்கூட கம்பெனியிலிருந்து ஒரு ஆள் போகவில்லை. தப்பு டிரைவருடையது என்று எழுதியாகிவிட்டதே, பிறகென்ன! அப்படி எழுதவைத்த புண்ணியவான்களில் நானும் ஒருவன்.

அடுத்த வருஷம் சாரலில், ஐந்தருவியில் அண்ணாச்சி என் பஸ்ஸில் ஏறினார். தோட்டத்தில் பழக்கூடை சுமக்கிறாராம், தோளில் சும்மாட்டுத் துணி கிடந்தது. அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே மழை, எல்லாப் படுதாவும் இறங்கியிருந்தது. இறக்கம் வந்ததும் புது டிரைவர் என்ஜினை அணைத்தார்.

அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏலே, இந்தப் படுதாவத் தூக்கி விடு. காத்து வரட்டும்."

தூக்கிவிட்டேன். அவர் முகமெல்லாம் நனைந்தது. இறக்கம் முடிகிறவரை நான் கம்பியை விடவில்லை.