இடது காலுக்கு ஒரு வாஷர்

எங்கள் சமையல்கட்டில் குடத்துத் தண்ணீர் ஒரு பகல்கூட அசையாமல் நின்றதில்லை. பின்சுவரை ஒட்டி வாஷர் வெட்டும் பட்டறை. ஏழுமலை அண்ணன் காலால் மிதியை அழுத்தினால் மேலிருந்து பிரஸ் இறங்கும், "டொம்" என்று தரை அதிரும், தகரப் பட்டையிலிருந்து ஒரு வாஷர் கழன்று விழும், குடத்துக்குள் ஒரு வளையம் விரியும். புதுவாயலில் அந்த வரிசையில் குடியிருந்த எல்லோருக்கும் அது தலைவலி. ஒன்பதாம் வகுப்பு படித்த எனக்கு மட்டும் அது குருநாதர்.

அந்த வருடம்தான் பள்ளி பேண்டில் என் கழுத்தில் "சைட் டிரம்" மாட்டினார்கள். "பேஸ் டிரம்" என் வகுப்பு ஸ்டெல்லாவிடம் இருந்தது. இடது கால் தரையைத் தொடும் நொடியில் அவள் "டம்" என்று ஒன்று வைப்பாள். இடையில் நான் இரண்டு குச்சியாலும் பொரிந்து தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை, அது எனக்கு வரவில்லை. யாராவது என்னைப் பார்த்தால் போதும், பயம் நேரே மணிக்கட்டுக்கு ஏறும், குச்சிகள் என்னைக் கேட்காமலே ஓடும். பின்னால் அணிவகுத்து வரும் பள்ளி முதலில் நடக்கும், பிறகு விறுவிறுவென்று நடக்கும், கொடிக்கம்பத்தை நெருங்கும்போது நாய் துரத்திய மாதிரி ஓடும்.

"டேய், டிரம் அடிக்கிறியா, பொன்னேரில ரயில புடிக்க ஓடுறியா?" என்று ஸ்டெல்லா மைதானத்தின் நடுவிலேயே கத்துவாள்.

"நீதான்டி இழுக்குற. ஆட்டுக்கல்ல கால்ல கட்டிக்கினு நடக்குற மாதிரி."

பி.டி. சார் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று விசில் ஊதி, "குடியரசு தினத்தன்னிக்கி மட்டும் ஓடிச்சின்னா, டிரம்ம கழட்டி ஸ்டெல்லா தம்பி கழுத்துல மாட்டிருவேன்" என்றார். எட்டாம் வகுப்பு படித்த அந்தத் துரோகி அன்றைக்கே ஜாமெட்ரி பாக்ஸில் தாளம் போட ஆரம்பித்துவிட்டான். கணக்கிலும் இல்லாமல் கபடியிலும் இல்லாமல் இருந்த எனக்கு, பள்ளியில் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த டிரம்மைத் தவிர வேறு காரணமே கிடையாது.

ஆகவே பயிற்சி. கன்வேயர் பெல்ட்டில் அறுத்த ரப்பர் துண்டைப் பலகையில் ஆணியடித்து, அரையாண்டு விடுமுறை தொடங்கிப் பொங்கல் வரை, தினமும் நாலரை மணிக்குப் பின்சுவரோரம் குந்தினேன். பிரஸ் விழுந்தால் இடது கால் என்று கணக்கு. இரண்டு குச்சியும் ஒரே உயரம் எழ வேண்டும், சோம்பேறி இடது கைக்கு இரட்டிப்பு வேலை. ஒரு வாஷருக்குக்கூடப் பிசகவில்லை. இரும்போடு சேர்ந்து அடிப்பவனை இனி எவளால் குறை சொல்ல முடியும்?

பொங்கல் முடிந்து நடந்த ஒத்திகையில், முன்னைவிட வேகமாக ஓடினோம். கடைசி வரிசைப் பையன் ஒருவன் செருப்பை விட்டுவிட்டே ஓடினான்.

"எம்மேல தப்பே இல்ல. மெஷின வெச்சிப் பழகுறேன். மெஷின் பொய் சொல்லுமா?" என்றேன், மூச்சு வாங்க.

"எந்த மெஷினு? காட்டு."

என்னை அசிங்கப்படுத்துவதற்கென்றே அன்று மாலை தன் அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். என் அம்மா கொடுத்த டீயைக் குடித்தாள். நாலரைக்கு எண்ணினாள்: நிமிடத்துக்கு அறுபது. ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மறுபடி எண்ணினாள்: எண்பத்திரண்டு. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அண்ணா, இன்னாத்துக்கு இவ்ளோ வேகம்?" என்று கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு சங்கு ஊதிருவான்மா. அதுக்குள்ள பெட்டி ரொம்பலன்னா சூப்பர்வைசரு ஒரே பேஜாரு பண்ணுவான்" என்றார் ஏழுமலை அண்ணன், தலையைத் தூக்காமல்.

ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னுடைய பயம் போதாதென்று, வாரக்கணக்கில் குந்தியிருந்து இன்னொருவர் பயத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறேன்.

அதை மறக்க இரண்டே நாள்தான் இருந்தது. குடியரசு தினத்தன்று மேடையில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினரைப் பார்த்ததுமே என் மணிக்கட்டுகளுக்கு ஐந்து மணி ஆகிவிட்டது. அப்போது பக்கத்திலிருந்து, டிரம் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு குரல்: "எரும!" அடுத்த இடது காலுக்கு மறுபடியும், "எரும!" ஒவ்வொரு "டம்"மோடும் அதே வசை, இம்மியும் முந்தாமல், இம்மியும் பிந்தாமல். எனக்கு வந்த ஆத்திரத்தில் பயம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. ஒவ்வொரு எருமைக்கும் நாலு அடி திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வசை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததால் முந்த வழியில்லை. பள்ளி மேடையை நடந்தே கடந்தது.

"எனக்கு ஹெல்ப் பண்ணியா இன்னா?" என்று பிறகு கேட்டேன்.

"மூஞ்சப் பாரு. நீ ஓடுனா என் டிரம்முக்குத்தான் கெட்ட பேரு."

சைட் டிரம் என் கழுத்திலேயே இருந்தது. பத்தாம் வகுப்பு முடியும்வரை நாங்கள் சமாதானமாகப் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது அந்தப் பள்ளியில் பேண்டு கிடையாது. பென்டிரைவில் ஏற்றிய இசைக்குப் பிள்ளைகள் அழகாக நடக்கிறார்கள். பட்டறை இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள். போன ஜனவரியில் என் மகள் நடப்பதைப் பார்க்கப் போயிருந்தபோது பாதியில் கரண்ட் போய் ஸ்பீக்கர் ஊமையானது, வரிசை தடுமாறியது. பெரிய வித்வான்போல நான் எழுந்து நின்று கைதட்டித் தாளம் கொடுத்தேன். பெற்றோர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். முன்வரிசையில் என் மகள் இரட்டைச் சடை பறக்க ஓடினாள். என்னைத் திட்டி நிறுத்த ஒருவரும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் என் தோளைத் தட்டி, "சூப்பர் சார்" என்றார்.