பலெர்மோவில் வெந்நீரூற்று: ஒரு வியாழன் பின்னேரம்

இல்லை, ஜப்பானுக்குப் போகவில்லை. அந்தப் படத்தைப் போட்டதிலிருந்து ஆளாளுக்கு எப்போது போனாய், டிக்கெட் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். அது பலெர்மோவிலேயே, வியா மக்வேதா தெருவில், ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடியில் தொங்குகிறது. ஜப்பானிய வெந்நீரூற்று ஊர்களைக் காட்டும் மரப்பலகை அச்சுப் படங்களின் கண்காட்சி. என் பெர்மெசோ, இங்கே தங்கும் அனுமதி அட்டை, புதுப்பிக்கக் கொடுத்தபடி குவெஸ்தூரா என்கிற போலீஸ் அலுவலகத்தில் கிடக்கிறது. அது கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு எங்கேயும் போகமுடியாது. ஆகவே இதுவும் பயணம்தான்.

படிப்பை விட்டபிறகு சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அப்படிப் போகும்போதுதான் சுவரொட்டியைக் கண்டேன். பனி கொட்டும் மலை, விளக்கெரியும் விடுதி, தண்ணீரிலிருந்து வெள்ளையாக எழும் ஆவி. ஒருநாள் அந்தத் தண்ணீரில் கழுத்துவரை இறங்கவேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. பசி மாதிரி ஆசை.

அம்மாவையும் கூட்டிப்போனேன். வீட்டில் நாங்கள் இரண்டுபேர்தான். அம்மா பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு வயதான இத்தாலிய அம்மாளை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்கிறார். இந்த ஊரில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரம் லீவு. ஆனால் அந்த வியாழன் அம்மா ஒரு பதில் சொல்லவேண்டியிருந்தது. இனி அங்கேயே தங்கி வேலை செய்யும்படி சிஞ்ஞோராவின் மகள் கேட்டிருந்தாள். ஓம் என்றால் அம்மாவை நான் பார்ப்பது வியாழனும் ஞாயிறும் மட்டும். எனக்கு அதில் விருப்பமில்லை. அதை வாய்திறந்து சொல்லத் தெரியவில்லை. படம் பார்க்கக் கூப்பிட்டேன்.

பொலிதேயாமாவிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். பஸ் தேவையில்லை. நுழைவு ஆளுக்கு எட்டு யூரோ.

"படம் பாக்க எட்டு யூரோவோ? நீ பாத்திட்டு வா, நான் கீழ நிக்கிறன்."

"எடுத்தாச்சு அம்மா, வாங்கோ."

"லிஃப்ட் இருக்கோ?"

"இல்லை."

"நல்ல லீவுதான்."

உள்ளே இரண்டு அறை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுத்த படங்கள். அந்தக் காலத்தில் பயணிகள் ஊருக்கு வாங்கிப்போனவையாம். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்று விளங்கும்: ஆவி இருக்கும் இடத்தில் மையே இல்லை. காகிதத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் அதன்முன் நெடுநேரம் நின்றேன். மூக்கில் ஈரம் பட்டது போலிருந்தது.

அம்மா பார்த்தது வேறொன்றை. "உவங்கள் தண்ணிக்க கிடக்கிறாங்கள். பார், இவள் பாவம், ரெண்டு கையிலயும் தட்டோட படி ஏறுறாள்." எந்தப் படத்திலும் அம்மாவுக்கு முதலில் தெரிந்தது வேலைக்காரிதான்.

நான் அடுத்த அறைக்குப் போன நேரம் ஒரு சத்தம். காவலுக்கு நின்ற மனிதர் "சிஞ்ஞோரா! என்ன செய்கிறீர்கள்?" என்று இத்தாலியனில் கத்திக்கொண்டு ஓடினார். அம்மா ஒரு படத்தின் கண்ணாடியில் வாயால் ஊதி, கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்போர்க்கோ," என்றார் அம்மா. அழுக்காம். கைலேஞ்சியைத் தூக்கிக் காட்டினார்.

அந்த மனிதர் கைலேஞ்சியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, காலையிலிருந்து சொல்கிறேன், ஒருவரும் துடைக்க வரவில்லை என்றார். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

துடைத்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். குளித்து முடித்து, ஈரத்தலையோடு, விடுதியின் மேல்மாடத்தில் இருக்கிறாள். கீழே ஆறு. அம்மா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"இவள் ஒண்டும் செய்யேல்லையடா. சும்மா இருக்கிறாள்."

"சிஞ்ஞோரா வீட்டிலயும் தொட்டி இருக்குத்தானே அம்மா. குளிச்சிருக்கிறீங்களோ?"

"ஒன்பது வருசமா உரஞ்சுறன். அவவை இருத்திக் குளிப்பாட்டுறன். உள்ளுக்க நான் இருந்ததில்லை." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

படியிறங்கும்போதே சிஞ்ஞோராவின் மகளுக்கு அழைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். தங்குகிறேன், ஆனால் ஒவ்வொரு இரவும் சிஞ்ஞோரா தூங்கியபிறகு அரைமணி நேரம் தொட்டி எனக்கு, கதவைப் பூட்டுவேன், அந்த நேரம் யாரும் கூப்பிடக்கூடாது என்றார். அந்தப் பக்கத்திலிருந்து "வா பேனே" என்று கேட்டது. சரியாம்.

அம்மாவை வீட்டில் வைத்திருக்க நினைத்து நான்தான் அந்தப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"வியாழன்ல வந்து சமைச்சு வைப்பன்."

"எனக்குச் சமைக்கத் தெரியும்."

"ஓம், முட்டை."

வுச்சீரியாச் சந்தைக்கு நடந்து ஆளுக்கொரு அராஞ்சீனா, பொரித்த சோற்று உருண்டை, சாப்பிட்டோம். அம்மா தன்னுடையதில் பாதியை என் தட்டில் வைத்தார். நான் தடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வியாழன் பின்னேரம் கூட்டமில்லை. ஒரு மணித்தியாலம் போதும், என்னை மாதிரி என்றால் இரண்டு. ஜாக்கெட் கொண்டுபோங்கள், உள்ளே ஏசி குளிர். கண்ணாடியைத் தொடாதீர்கள். அந்தத் தண்ணீரில் இறங்கவேண்டும் என்ற ஆசை தீருமா என்று கேட்டால், எனக்குக் கூடிவிட்டது. இனி அம்மா இல்லாத வீட்டில் இருந்துகொண்டு

கீழிருந்து அம்மா மணி அடிக்கிறார். வாசலில் பெட்டியோடு நிற்கிறார், சிஞ்ஞோரா வீட்டுக்குத் தூக்கிப்போக நான் வேண்டும். போறன்.