திருப்பிப் பார்க்க முடியாத தையல்

நல்லூரில் ஒரு ஸ்கேன் சென்டரில், ஐந்தாம் மாத ஸ்கேனுக்காக நான் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் இருந்தார். ஒல்லியான உடம்பு, வெளிறிய உதடு, என்னைப் போலவே மேடிட்ட வயிறு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றார். தைத்து வரும் பனியனில் ஓட்டையோ பிரிந்த தையலோ இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் என் துப்பட்டாவின் ஓரத்தையும் தடவிக்கொண்டே இருந்தார். தடவுவது அவருக்கே தெரியவில்லை.

“உங்களுக்கும் பயமா இருக்குங்களா?”

“கொஞ்சம்” என்றேன். பொய். இரண்டு நாளாக நான் தூங்கவில்லை.

“கொழந்தைக்கு மூளை ஆரம்பத்துல ஒரு குழாயாட்டந்தான் இருக்குமாமுங்க. மொத மாசத்துலயே அது மூடிக்கோணுமாம். அதுக்குத்தான் முன்னாடியே ஃபோலிக் ஆசிட் மாத்திரை போடோணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்ப ஷிப்மென்ட் அனுப்பற நேரமுங்க, ராப்பகலா வேலை. நாள் தள்ளிப்போறது வழக்கந்தானேன்னு உட்டுட்டேன். உண்டானது தெரியறப்ப மூணாவது மாசம்.”

“இப்பப் போடறீங்கல்ல?”

“போடறேனுங்க. ஆனா மூடுச்சா இல்லையாங்கறது அப்பவே முடிஞ்சு போச்சுங்களே. துணின்னா திருப்பிப் பாத்துரலாம். இத எப்படிங்க திருப்பிப் பாக்கறது?”

அவரைக் கூப்பிட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்த ஸ்கேன் அவருக்கு முடியவே இல்லை. நடுவில் இன்னொரு டாக்டரும் உள்ளே போனார்.

வெளியே வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கை மறுபடியும் என் துப்பட்டாவுக்கு வந்தது. இந்த முறை தடவவில்லை, இறுகப் பிடித்துக்கொண்டது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு உள்ளே போனேன்.